நாயும் மரநாயும் நுழையாத கோழிக்கூடு: எதில் காசு போடுவது?

பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் ஒரு நாள் காலை கூட்டைச் சுற்றி இறகு சிதறிக் கிடந்தால், அன்று மாலைக்குள் கடையிலிருந்து கோழிவலை ஒரு சுருள் வந்துவிடும். பழைய வலைக்கு மேல் புது வலை. சட்டம் அதேதான், கொண்டி அதேதான், கூரைச் சந்தும் அதேதான். இரண்டு வாரத்தில் வந்தது திரும்பவும் வரும். வலை எவ்வளவு கனம் என்பதைவிட அது எங்கே முடிகிறது, அந்த விளிம்பு எதில் பிடிமானமாக நிற்கிறது என்பதுதான் முக்கியம். கூரை விளிம்பு, தரை விளிம்பு, கதவு. கீழே வரும் வழிகள் ஒவ்வொன்றையும் இந்த மூன்று இடங்களை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

கணக்குக்கு ஒரு கூடு வைத்துக்கொள்வோம்: 6 அடி நீளம், 4 அடி அகலம், முன்பக்கம் 4 அடி உயரம், பின்பக்கம் 3 அடி. 12 பெட்டை, ஒரு சேவல். பகலில் மேய்ச்சல், இரவில் அடைவதற்கு மட்டும் கூடு.

வந்தது யார்?

ஏழெட்டுக் கோழி செத்து, ஒன்றுகூட ஒழுங்காகத் தின்னப்படாமல் கிடந்தால் தெருநாய். படபடக்கிற எதையும் கடிக்கும். அடுத்த கோழி படபடத்தால் வாயிலிருப்பதை விட்டுவிட்டு அதைப் பிடிக்கும். வலை பெரிதாகக் கிழிந்திருக்கும், அல்லது கதவின் கீழ்மூலை வளைந்திருக்கும். தமிழ்நாட்டுப் புழக்கடைகளில் ஒரே இரவில் கூட்டைக் காலி செய்வது நாய்க்கூட்டமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கூடு உடையவில்லை, தரையில் தோண்டல் இல்லை, ஆனால் ஒன்றிரண்டு கோழி தலையும் கழுத்தும் கடிபட்டுக் கிடக்கிறது என்றால் கூரையைப் பாருங்கள். மரநாய் 2 முதல் 5 கிலோ எடைதான். ஆனால் முருங்கை, மாமரம், மழைநீர்க் குழாய், சொரசொரப்பான சுவர் என எதிலும் ஏறும்; இரவில் மட்டுமே வரும். மதில் மேலோ ஓட்டின் மேலோ பழக்கொட்டைகள் நிறைந்த கழிவு கிடந்தால் அது உங்கள் வீட்டு வழியாகத் தினமும் போய்வருகிறது என்று அர்த்தம்.

கீரி பகலில் வரும். இதை மறந்துவிட்டு இரவுக்கூட்டைப் பலப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மதியம் குஞ்சு குறைகிறது என்றால் கீரி, வல்லூறு, காகம் இந்த மூன்றில் ஒன்று. பெருச்சாளி என்றால் வளைவாயில் புது மண் குவிந்திருக்கும். குஞ்சையும் முட்டையையும் வளைக்குள் இழுத்துப்போகும். அது தோண்டிய வழியைப் பிறகு பாம்பும் பயன்படுத்தும். ஓடுகூட மிச்சமில்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல பாம்பு முட்டையை முழுதாக விழுங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இந்தப் பட்டியலோடு குரங்கும் சேரும். அதற்குப் பலம் குறைவு, கை உண்டு, கொண்டியைத் திறக்கும். வால்பாறை, கூடலூர் மாதிரி சிறுத்தை நடமாடும் இடங்களில் இங்கே சொல்லும் எந்தக் கூட்டையும் நம்ப வேண்டாம். கோழியை வீட்டுச் சுவரோடு ஒட்டிய கல் அறையில் அடைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வலை: எது எதற்கு

கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள முறுக்குவலையைத் தருவார்கள். கோழியை உள்ளே நிறுத்த அது போதும், வெளியே இருப்பதைத் தடுக்கப் போதாது. வழக்கமாக 20, 22 கேஜ் கம்பி; 22 கேஜ் என்றால் 0.7 மில்லிமீட்டர்தான். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வையுங்கள். நாய் இந்த வலையைக் கடித்து அறுப்பதில்லை. ஒரு கண்ணில் கோரைப்பல்லை மாட்டிப் பின்காலை ஊன்றி இழுக்கும். ஒரு இழை போனதும் முறுக்கு பிரிந்து அடுத்த கண் விரியும், அதற்கடுத்ததும் விரியும். துருப்பிடிப்பதும் முறுக்கில்தான் தொடங்கும், ஏனென்றால் ஈரம் நிற்கும் இடம் அது.

வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சந்திக்கும் புள்ளிகளைப் பற்றவைத்த வலை, இரண்டு அளவில் நமக்குத் தேவைப்படும். 1 அங்குலக் கண், 14 கேஜ் (2 மில்லிமீட்டர்) கம்பி நாயின் இழுப்பைத் தாங்கும். சதுர அடிக்கு ஏறக்குறைய 190 கிராம் எடை. அரை அங்குலக் கண், 19 கேஜ் (1 மில்லிமீட்டர்) கம்பி பாம்பையும் கீரிக்குட்டியையும் நிறுத்தும். சதுர அடிக்கு 95 கிராம். எடைபோட்டு விற்கும் கடையில் இந்தக் கணக்கு கைகொடுக்கும். நம் கூட்டின் நான்கு பக்கமும் சேர்த்து 70 சதுர அடி. முழுவதும் 1 அங்குல வலை என்றால் 13 கிலோவுக்கு மேல், முழுவதும் அரை அங்குலம் என்றால் 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அரை அங்குல வலையை மட்டும் 4 அடி அகலச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால், நாய் முன்காலால் அழுத்தும்போது நடுவில் தொய்ந்து பற்றுப்புள்ளிகள் பட்பட்டென்று விடும். இடையே 2 அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுத்தால் அதே வலை தாங்கிவிடும். எல்லாப் பக்கமும் கனமான வலை வாங்குவதைவிட இது மலிவு. இன்னொன்று: துத்தநாகப் பூச்சு வெல்டிங்குக்கு முன்பா பின்பா என்று கேட்டு வாங்குங்கள். முன்பே பூசியிருந்தால் பற்றுப்புள்ளியில் பூச்சு எரிந்திருக்கும். கோழி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் கடலோர உப்புக்காற்றும் அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும்.

சங்கிலி வலை 2 அங்குலக் கண். நாய்க்கு நல்ல தடுப்பு. ஆனால் கூட்டுக்கு ஆகாது. கீரி நுழையும், பூனை கையை விட்டுக் கோழியின் காலைப் பிடிக்கும். மேய்ச்சல் வெளிக்கு வேலியாகப் போடலாம், அவ்வளவுதான்.

வலை எதுவானாலும் ஸ்டேப்ளர் பின்னில் நிற்கிற வலை வலையே அல்ல. சட்டத்தின் வெளிப்புறத்தில் வலையை வைத்து, அதன்மேல் 1 அங்குல மரப்பட்டியை வைத்து, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். வெளியிலிருந்து தள்ளினால் வலை சட்டத்தோடு அழுந்தும்; இழுத்தால் பட்டி பிடித்துக்கொள்ளும். பட்டிக்கு மரம் இல்லையென்றால் அகல வாஷரோடு 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ.

முதல் வழி: இருக்கிற மரக்கூட்டைத் திருத்துவது

சட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் இதை எடுங்கள். மண்ணைத் தொடும் மரத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள்; அரை அங்குலம் இறங்கினால் கரையான் ஏற்கெனவே உங்கள் கூட்டைத் தின்றுவிட்டது, அதன்மேல் புது வலை அடிப்பது வீண்.

பக்கங்களில் கீழ் 2 அடிக்குத் தகரமோ பலகையோ அடித்து, மேலே அரை அங்குல வலை. கீழே முழு மறைப்பு இருந்தால் நாய்க்குக் கடிக்க விளிம்பு கிடைக்காது, உள்ளே படபடப்பதும் கண்ணில் படாது. முழுக்கூட்டையும் தகரத்தால் மூடிவிடத் தோன்றும். சித்திரை வெயிலில் அது அடுப்பு. மேல்பகுதி காற்றோட்டமாக இருந்தே தீர வேண்டும்.

தரைக்கு வலையை ஆழப் புதைப்பதா, வெளியே பரப்புவதா என்பதில் எங்கள் ஓட்டு பரப்புவதற்கே. கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு 1 அங்குல வலையைத் தரையில் கிடைமட்டமாக விரித்து, ஒரு விளிம்பை அடிச்சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு, மேலே 2 அங்குல மண்ணும் கல்லும் போட வேண்டும். நாயோ நரியோ சுவரடியில்தான் தோண்டத் தொடங்கும். நகம் வலையில் மாட்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அவற்றுக்கு வருவதில்லை. நம் கூட்டுக்கு மூலைகளையும் சேர்த்து 56 சதுர அடி வலை, அதாவது பத்தரை கிலோ அளவுக்குத் தேவை. மூலையில் மடிப்பு விட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுக்கம்பியால் பின்னாவிட்டால் அங்கேதான் வழி கிடைக்கும்.

ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிச் செங்குத்தாகப் புதைத்தால் வலை 30 சதுர அடிக்குச் சற்று மேல் போதும். ஆனால் ஒரு ஆள் ஒரு நாள் கடப்பாரை பிடிக்க வேண்டும், வலையும் மண்ணுக்குள் துருப்பிடிப்பது தெரியாமலே போகும். கரிசல் மண்ணில் கோடை வெடிப்பு புதைத்த வலையோரமாகவே திறக்கும். கடலோர மணலில் பரப்பும் அகலத்தை 3 அடியாக்குங்கள்.

இந்த வழியால் பெருச்சாளி முழுதாக நிற்காது. தூரத்தில் வளை போட்டு அடியில் வந்து மேலேறும். குஞ்சு பொரிக்கிற கூடு என்றால் அரை அங்குல வலையைக் கூட்டுக்குள் தரையிலும் விரித்து, மேலே 3 அங்குல உமியோ மரத்தூளோ போடுங்கள்.

இரண்டாவது வழி: அரைச்சுவர்க் கூடு

சொந்த இடம், கோழி தொடர்ந்து வளர்ப்பீர்கள் என்றால் இதற்கு இணையில்லை. 1 அடி ஆழ அஸ்திவாரம். அதன்மேல் 16-க்கு 8 அங்குல சாலிட் பிளாக், 4 அங்குலத் தடிமன், மூன்று வரிசை. 2 அடி உயரச் சுவருக்கு உடைசலோடு 45 கல். மேலே அரை அங்குல வலை அடித்த இரும்புச் சட்டம். உள்தரைக்குச் சிமெண்ட் 1 மூட்டை, எம்-சாண்ட் இரண்டரை கன அடி, முக்கால் ஜல்லி 5 கன அடி கலந்தால் 24 சதுர அடிக்கு ஏறக்குறைய 3 அங்குலக் கனத்தில் வரும். வாசல் பக்கம் ஒரு அங்குலம் வாட்டம் விடுங்கள், கழுவிவிட வசதி.

நாய் தள்ளவும் கடிக்கவும் தோண்டவும் இங்கே எதுவும் இல்லை. மீதிப் பலவீனமெல்லாம் கூரையில்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் அலை ஏறக்குறைய 2 அங்குலப் பள்ளம். சுவர்ச் சட்டத்தின்மேல் அதை வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் கீழே ஒரு வாசல். பாம்பும் எலியும் அதில் தாராளமாக வரும், கீரிக்குட்டிக்கும் போதும். அலைக்கு ஏற்ப வெட்டிய வலைத்துண்டையோ சிமெண்ட் கலவையையோ ஒவ்வொன்றிலும் அடைக்க வேண்டும். இந்த அரைநாள் வேலையைக் கொத்தனார் தானாகச் செய்யமாட்டார். கேட்டு வாங்க வேண்டும். சீமை ஓடு போட்டால் மரநாய் ஓட்டை நகர்த்திவிட்டு இறங்கும். ஓட்டுக்கு அடியில் முழுக்கூரைக்கும் வலை விரிக்காமல் ஓடு வேயாதீர்கள். ஓலைக்கும் இதே விதி.

கரிசல் மண்ணில் தரை வெடிக்கும் என்பது ஒரு குறை. ஜல்லித் தரைக்கு அடியில் அரையடி கிராவல் இடித்துப் போட்டால் ஓரளவு தாங்கும். இடம் மாறினால் கூட்டைத் தூக்கிப்போக முடியாது என்பது இன்னொன்று.

மூன்றாவது வழி: கால்வைத்த பரண் கூண்டு

வாடகை வீட்டுக்கும், மழைத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் இதுதான் பொருத்தம். 1 அங்குலச் சதுரக் குழாயில் சட்டம்; 3 அடி கால்களோடு சேர்த்து 20 அடிக் குழாய் 5 முதல் 6 பிடிக்கும். தரைக்கு அரை அங்குலம்-1 அங்குலம் நீள்கண் வலை நல்லது. அரைக்கு அரை போட்டால் எச்சம் அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று போட்டால் குஞ்சின் கால் இறங்கும்.

பார்க்க எட்டாத உயரம். ஆனால் இந்தக் கூண்டு தோற்பது அடியிலிருந்து. பின்காலில் நிற்கும் நாய்க்கு 3 அடி எட்டும் தூரம்தான். வலைத்தரையில் படுத்திருக்கும் கோழியின் விரலோ இறகோ கண் வழியாகத் தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கும். காலையில் கோழி உள்ளேயே, கால் மட்டும் இல்லாமல் கிடக்கும். அதனால் அடையும் கழி தரையிலிருந்து 1 அடி உயரத்திலும், பக்க வலையிலிருந்து 1 அடி உள்ளேயும் இருக்க வேண்டும். 12 கோழிக்கு இரண்டு கழி போதும். கழி ஏறாத அடைகோழிக்கும் குஞ்சுக்கும் ஒரு மூலையில் பலகைத் தரை.

காலில் ஏறுவதைத் தடுக்க, தென்னையில் எலிக்குத் தகரம் சுற்றுவது போல இங்கேயும் சுற்றுவார்கள். தென்னை அகலமானது, பிடி கிடைக்காது. 1 அங்குலக் குழாயில் தகரம் சுற்றினாலும் கட்டிப்பிடித்து ஏறலாம். 6 அங்குல பிவிசி குழாயை இரண்டரை அடி வெட்டிக் காலின்மேல் மாட்டினால் வேலை நடக்கும். எறும்புக்குக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பொரிந்த குஞ்சுக்கு எறும்பும் எமன்தான். கால்களை மண்ணில் ஒன்றரை அடி இறக்கிக் கான்கிரீட் போட முடியாத இடத்தில் அடிச்சட்டத்தில் நாலு கல் கட்டுங்கள், காற்றுக்கும் நாய்க்கும் சேர்த்து. மேலே மரக்கிளை தொங்கினால் இத்தனையும் வீண். கூட்டைச் சுற்றி 6 அடிக்குள் கிளை, மதில், கொடிக்கம்பி எதுவும் இருக்கக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை, பகல்வேலைக்கு. கோழியையும் குஞ்சையும் கீரி, காகத்திடமிருந்து காக்கும், அதுவும் கண்பார்வையில். மேலே கல் வைத்தாலும் நாய் மூக்கால் புரட்டிவிடும். இரவில் பஞ்சாரத்தை வீட்டுக்குள் வையுங்கள்.

வல்லூறுக்கு மேய்ச்சல் வெளியில் நைலான் வலை மேலே போதும். தரையை ஒட்டிக் கட்டாதீர்கள். சாரைப்பாம்பு சிக்கிச் சாகும்.

சோலார் மின்வேலி கருவி நொடிக்கு ஒரு முறை போலத் துடிப்பாகக் கொடுக்கும் அதிர்ச்சி நாய்க்கும் நரிக்கும் நன்றாகவே உறைக்கும். ஆனால் அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேலை செய்யாது, 12 கோழிக்கு அது பெரிய செலவு. வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது மட்டும் கொலைக்குற்றத்தில் போய் முடியும். முதலில் சாவது பெரும்பாலும் வீட்டு ஆளோ பக்கத்து வீட்டு மாடோதான்.

மின்னும் விளக்கு, வசம்பு, நாப்தலீன் உருண்டை எதற்கும் காசு போட வேண்டாம். விளக்குக்கு மரநாய் நாலே நாளில் பழகிவிடும். கினிக்கோழி கத்தும், எழுந்து போக ஆள் இருந்தால் பயன். விஷம் வைப்பது, சுருக்கு வைப்பது வேண்டவே வேண்டாம். மரநாய், கீரி, காட்டுப்பூனை, சாரை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விஷக்கறியைத் தின்பது மயிலாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டு நாயாகவும் இருக்கலாம். கூட்டுக்குள் பாம்பு இருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101.

கதவு

மூன்று வழிக்கும் பொது, மூன்றிலும் முதலில் தோற்பது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மூடினால் சட்டத்தின் உதட்டில் உட்கார வேண்டும். அப்போது நாய் தள்ளும் விசை சட்டத்தின்மேல் விழும், தாழ்ப்பாளின்மேல் விழாது. நடுவில் ஒரே தாழ்ப்பாள் போட்டால் கீழ்மூலை வளையும். மூடிவிட்டுக் கீழ்மூலையைக் காலால் அழுத்திப் பாருங்கள், 2 அங்குலம் விலகினால் அது கீரிக்கு வாசல். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள். கொக்கிக் கொண்டி வேண்டாம். கதவு அதிர அதிர நாதாங்கியிலிருந்து துள்ளி விழும். குரங்கு உள்ள ஊரில் தாழ்ப்பாளின் ஓட்டையில் திருகு மூடியுள்ள கேரபினர் கொக்கியோ சின்னப் பூட்டோ மாட்டுங்கள். முட்டை எடுக்கும் சின்னக் கதவுக்கும் இதே பாடு வேண்டும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எதை எடுப்பது

நாய்த்தொல்லைதான் பிரதானம், இடம் சொந்தம் என்றால் அரைச்சுவர். வாடகையோ வெள்ளமோ என்றால் பரண், ஆனால் கழியும் பிவிசி காலும் இல்லாமல் வேண்டாம். பழைய கூடு உறுதியாக இருந்தால் பரப்பு வலையும் கீழ்த்தகரமும். கையில் காசு குறைவு, ஒரே ஒரு வேலைதான் இந்த மாதம் என்றால் கதவையும் கூரை விளிம்பையும் சரிசெய்யுங்கள். வலையை அடுத்த மாதம் மாற்றலாம். பகலில் குஞ்சு போகிறது என்றால் கூட்டை விட்டுவிட்டுப் பஞ்சாரத்துக்கும் மேல்வலைக்கும் செலவழியுங்கள்.

வேலை முடிந்த அன்று இருட்டியதும் கூட்டுக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். கூரை ஓரத்தில், கதவிடுக்கில், சுவர்மூலையில் ஒளி கோடாக விழும் இடத்திலெல்லாம் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் அடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாதத்தில் ஒருமுறை, பரப்பு வலையின் மேல்மண்ணை ஒரு முழ நீளத்துக்கு விலக்கிக் கம்பியை மடக்கிப் பாருங்கள். முறிந்தால் அந்தப் பக்கத்து வலையை மாற்றும் நேரம். மாலை ஆறரைக்குக் கதவடைக்கும் முன் தலையை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் முருங்கை மரத்தில் பாருங்கள், அங்கேதான் அடைந்திருக்கும்.